துருப் புள்ளி

ஓசூரில் வக்கீல் தொழில் பார்க்கிறவனுக்கு எந்தத் திசையிலிருந்து என்ன வழக்கு வரும் என்பது கிட்டத்தட்ட மனப்பாடம். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை விபத்து நஷ்டஈட்டு வழக்குகளைக் கொடுக்கும். சிப்காட் பக்கமிருந்து காண்ட்ராக்ட் தொழிலாளர் பிரச்சினையும் செக் பவுன்ஸும் வரும். பாகலூர், பேரிகை என்றால் பாகப்பிரிவினை. தளி, தேன்கனிக்கோட்டை என்றால் பட்டா. பதிப்புரிமை வழக்கெல்லாம் சென்னையில், அதுவும் சினிமாக்காரர்களுக்குள் நடப்பது என்றுதான் எங்கள் பார் ரூமில் பேச்சு.

2018 அக்டோபரில் அந்தப் பேச்சு சூடாகவே இருந்தது. தீபாவளிக்கு வரவிருந்த 'சர்க்கார்' படத்தின் கதை, தான் 2007-இல் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் 'செங்கோல்' என்று பதிவு செய்து வைத்த கதைதான் என்று வருண் ராஜேந்திரன் உயர்நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ், இரண்டுக்கும் ஒற்றுமை இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அக்டோபர் 30-ஆம் தேதி சமரசமாகி, படத்தில் வருண் பெயரையும் போடுவதாக விஷயம் முடிந்தது. டீக்கடையில் விஜய் ரசிகர்கள் ஒரு பக்கம், நியாயம் பேசுகிறவர்கள் ஒரு பக்கம்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடச் சீருடையிலேயே ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தாள். பிளஸ் டூ படிக்கிறவள். பின்னாலேயே, வரவா வேண்டாமா என்பதுபோல அவளுடைய பெரியம்மா.

"சார், சினிமாக் கதைக்கு மட்டும்தான் கேஸ் போட முடியுமா? கோலத்துக்குப் போட முடியாதா?"

கையில் ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு. அதோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் கோல ஸ்டிக்கர் பாக்கெட். வாசலிலும் பூஜை அறையிலும் ஒட்டிக்கொள்கிற ரகம், ஒரு பாக்கெட்டில் பன்னிரண்டு டிசைன். மேலே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ரங்கோலி என்று அச்சிட்டிருந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி கடையில் வாங்கியது. ரசீதும் வைத்திருந்தாள். இது எனக்குப் பிடித்தது. ரசீது கேட்டு வாங்குகிற கட்சிக்காரர் எங்கள் ஊரில் அபூர்வம்.

பெரியம்மா மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டில் இருக்கிறவர். சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஏ ஷிஃப்ட் என்றால் கம்பெனி பஸ் விடிவதற்குள் வந்துவிடும். அதற்கும் முன்னால் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் கிளம்புவாராம். லைன் வீட்டில் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே வாசல். அந்த வாசல் அவருடையது என்று சொல்லாமலே மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். போட வேண்டிய கோலத்தை முந்தின ராத்திரி நோட்டில் போட்டுப் பார்த்துக்கொள்வது வழக்கம். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தமிழ் மாதம், தேதி, ஷிஃப்ட். சில பக்கங்களில் 'அம்மா போட்டது', 'புத்தகத்தில் பார்த்தது' என்றும் குறிப்பு. இந்தக் குறிப்புகள் பின்னால் எங்களை எவ்வளவு தூரம் காப்பாற்றப் போகின்றன என்பது அவருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு நேர்மையாக எழுதி வைத்திருந்தார்.

"விடுங்க வக்கீல் சார், கோலம்தானே. யார் போட்டா என்ன" என்றார் பெரியம்மா. மகளுக்குச் சமமான பெண் அவரை முறைத்தாள்.

எனக்கு முன்னால் அவர்கள் ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே சிரித்து அனுப்பிவிட்டார்கள். சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க என்று. பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. சப் இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர் வாரண்ட் இல்லாமலே கள்ளப் பிரதிகளைக் கைப்பற்றலாம் என்று 64-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தக் குற்றம் போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடியதா இல்லையா என்பதில் அன்றைக்கு ஐகோர்ட்டுகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எடுக்கலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்கவும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் நிட் புரோ வழக்கில் தெளிவாகச் சொன்னது 2022-இல்தான். ஸ்டேஷன் ரைட்டரை நான் குறை சொல்ல மாட்டேன். சிரித்ததை மட்டும் சொல்வேன்.

நான் கேட்ட முதல் கேள்வி எதிர்க்கட்சி வக்கீல் கேட்கப் போகிற கேள்விதான். "ஏம்மா, கோலம் ஊருக்கெல்லாம் பொது. உங்க பெரியம்மாவுக்குத் தோணின மாதிரியே இன்னொருத்தருக்கும் தோணியிருக்கலாமே?"

அவள் பதில் சொல்லவில்லை. நோட்டை நடுப்பக்கத்தில் விரித்து மேஜையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். "புள்ளிய எண்ணுங்க சார்."

பதின்மூன்று புள்ளி, ஊடுபுள்ளி, ஏழு வரை. சிக்குக் கோலம். நடு வரிசையில் பதின்மூன்று, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து ஏழில் நிற்கும். கூட்டினால் 127 வரும், வேறு எண் வராது. நோட்டில் 127 இருந்தது. ஸ்டிக்கரில் 129.

"ரெண்டு புள்ளி கூட இருக்கு. அதுவும் வரிசையில இல்ல. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவுல நிக்குது. கோடு அதைச் சுத்தவே இல்ல. கோலம் போடத் தெரிஞ்ச யாராவது புள்ளிய வெளியில விடுவாங்களா சார்?"

விடமாட்டார்கள். என் வீட்டில் கேட்டுப் பார்த்தேன், விடமாட்டார்கள்.

பிறகு அவள் நோட்டின் மடிப்பைக் காட்டினாள். நடுப்பக்கத்தில் நோட்டைச் சேர்த்துப் பிடிக்கிற இரண்டு ஸ்டேப்ளர் பின்கள். முந்தின வருஷ மழையில் லைன் வீட்டு ஷீட் கூரை ஒழுகி நோட்டு நனைந்திருக்கிறது. பின்கள் துருப்பிடித்து, காகிதத்தில் இரண்டு பழுப்புக் கறை. கீழ்ப் பின்னின் கறை ஏறக்குறைய வட்டம். மேல் பின் கொஞ்சம் சாய்வாக அடிக்கப்பட்டிருந்ததால் அதன் கறை அரிசிமணி போல ஒரு பக்கமாக நீண்டிருந்தது. ஸ்டிக்கரில் கூடுதலாக இருந்த இரண்டு புள்ளிகளில் கீழே இருந்தது வட்டம். மேலே இருந்தது நீளம், அதே பக்கமாகச் சாய்ந்து.

அவள் அளந்தும் வைத்திருந்தாள். நோட்டில் கறைக்கும் கறைக்கும் உள்ள தூரத்தைக் கோலத்தின் அகலத்தால் வகுத்து ஒரு விகிதம், ஸ்டிக்கரிலும் அதேபோல ஒரு விகிதம். இரண்டும் ஒன்று. கோலப் பக்கத்தை ஜெராக்ஸில் ஸ்டிக்கர் அளவுக்குப் பெரிசாக்கி, டிரான்ஸ்பரன்சி ஷீட்டில் எடுத்து, ஸ்டிக்கர் மேல் வைத்தாள். கோட்டுக்குக் கோடு உட்கார்ந்தது. துருவுக்குத் துருவும்.

இந்தப் பெண் ராஜேஷ்குமார் கிரைம் நாவல்களை நூலகத்தில் வரிசையாகப் படிக்கிறவள் என்று பெரியம்மா புகார் மாதிரி சொன்னார். எங்கள் தலைமுறையில் சுஜாதாவின் கணேஷ், வசந்த் இரண்டு பேரையும் படித்துவிட்டுத்தான் பாதிப்பேர் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டோம். ஆகவே புகாரை நான் பதிவு செய்துகொள்ளவில்லை.

அடுத்து அவள் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "சார், இதை ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வரையல. ஜெராக்ஸ பார்த்து வரைஞ்சிருக்காங்க." எப்படித் தெரியும் என்றேன். பெரியம்மா நீல மையில் கோலம் போட்டிருக்கிறார். கறை பழுப்பு. கலர் ஃபோட்டோவாக இருந்தால் எது புள்ளி, எது துரு என்று குழந்தைக்கும் தெரியும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் இரண்டும் கறுப்பு. படி எடுத்தவர் துருவையும் புள்ளி என்று நம்பி விசுவாசமாக வரைந்திருக்கிறார்.

அதற்கு இன்னொரு சான்றும் வைத்திருந்தாள். 2018 பொங்கலுக்குப் பெண்கள் விடுதி ஒன்றில் கோலப் போட்டி நடந்தபோது, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்று நோட்டிலிருந்து சில பக்கங்களைப் பெரியம்மா ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதில் வேறொரு பக்கம் எடுக்கும்போது நோட்டு கண்ணாடியில் நகர்ந்துவிட்டது. இடது ஓரத்து வளைவுகள் அறுந்துபோயின. அந்த ஜெராக்ஸ் பிரதி ஒன்று வீட்டிலேயே கிடந்தது. பாக்கெட்டில் அதே கோலத்தின் ஸ்டிக்கரைப் பார்த்தால், மற்ற மூன்று பக்கமும் பெரியம்மா போட்டபடி, இடது ஓரம் மட்டும் யாரோ தனக்குத் தோன்றியபடி வளைத்து மூடியிருக்கிறார். ஜெராக்ஸ் அறுந்த இடத்தில் தொடங்கி, அறுந்த இடத்தில் முடிகிறது அந்தக் கைவரிசை. நோட்டில் அந்தக் கோலம் ஒரே கோட்டில் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடியும். ஸ்டிக்கரில் மூன்று துண்டாகிவிட்டது.

காப்பியடித்த வழக்குகளில் சரியாக இருக்கிற பகுதி எவ்வளவு ஒத்துப்போனாலும் எதிர்த்தரப்புக்கு ஒரு வாசல் இருக்கும். இரண்டு பேரும் ஒரே மரபிலிருந்து எடுத்தோம், ஒரே உண்மையை எழுதினோம் என்று சொல்லிவிடலாம். தப்பு ஒத்துப்போனால் அந்த வாசல் அடைபட்டுவிடும். டைரக்டரி, வரைபடம், பாடப்புத்தகம் என்று உலகம் முழுக்க இந்த வகை வழக்குகளில் நீதிமன்றங்கள் பொதுவான பிழைகளைத்தான் முதலில் தேடுகின்றன. சட்டம் படித்த நாங்கள் தீர்ப்புத் திரட்டில் தேடி எடுப்பதை, சட்டம் படிக்காத பெண் ஒரு கணக்கு நோட்டின் பின்னில் பார்த்துவிட்டாள்.

இனி என் வேலை. முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்தேன். பாக்கெட்டில் இருந்த பன்னிரண்டில் ஏழு டிசைன் பெரியம்மாவின் நோட்டில் இருந்தன. அவற்றில் ஒன்று 'அம்மா போட்டது', ஒன்று 'புத்தகத்தில் பார்த்தது'. இரண்டையும் விட்டுவிட்டு ஐந்துக்கு மட்டும் உரிமை கேட்டோம். பெண்ணுக்கு வருத்தம். ஆனால் வாதி தானாகவே இரண்டை விட்டுக்கொடுக்கிறார் என்று பிராதில் எழுதும்போது மீதி ஐந்தின் எடை கூடுகிறது. அதை அவளுக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்தது, கோலத்துக்குப் பதிப்புரிமை உண்டா? சட்டத்தின் 2-ஆம் பிரிவில் கலைப்படைப்பு என்றால் ஓவியம், சிற்பம், வரைபடம் என்று வரிசையாகப் போகும். கூடவே, கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று ஒரு சொற்றொடர். ஆகவே கோலம் கலையா என்று நீதிபதி தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில் வரைந்தது, சொந்தமாக வரைந்தது, போதும். பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். பதிவு கட்டாயமில்லை.

சொந்தமாக வரைந்தது என்பதைக் காட்டுவதில்தான் சிக்கல். பதின்மூன்று புள்ளி ஊடுபுள்ளி என்பது யாருக்கும் சொந்தமில்லை. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். கருத்துக்கு உரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு. அந்த வழக்கில் நாடகக்காரர் தோற்றார், சினிமாக்காரர் ஜெயித்தார். அதனால் அந்தத் தீர்ப்பை எதிராளிதான் முதலில் தூக்கிக்கொண்டு வருவார். நாங்களே முந்திக்கொண்டோம். புள்ளிகள் கருத்து. கோடு போகிற பாதைதான் படைப்பு. 127 புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வொரு சந்திப்பிலும் கோடு வெட்டிக்கொண்டு போகலாம், வளைந்து திரும்பலாம். ஒவ்வொன்றும் ஒரு தேர்வு. எல்லாப் புள்ளியையும் சுற்றி, வந்த வழியே திரும்பாமல், ஒரே கோட்டில் முடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்குள் அந்தத் தேர்வுகளைச் செய்கிறவர் ஒரு படைப்பாளி. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970-களில் கோலங்களை எடுத்துக்கொண்டு கணினி அறிவியலில் இலக்கணமே எழுதினார்கள். சர்வதேச அளவில் அது மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த விவரத்தையும் ஒரு பத்தியில் சேர்த்தேன். நம் பெண் அதைக் கணக்கு டீச்சரிடம் கேட்டுத் தெரிந்து வந்து கொடுத்தது.

நிபுணர் கருத்து ஒன்று வேண்டியிருந்தது. அப்போது நடப்பிலிருந்த பழைய சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, அந்நியச் சட்டம், அறிவியல், கலை ஆகியவற்றில் தேர்ந்தவர்களின் கருத்து ஏற்புடையது என்றது. கோலத்தில் தேர்ந்தவர் யார்? எந்தக் கல்லூரியில் பட்டம் கொடுக்கிறார்கள்? கெலமங்கலம் பக்கம் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, மூன்று தலைமுறைப் பெண்களுக்குக் கோலம் கற்றுக்கொடுத்தவர். வீட்டில் தெலுங்கு, வாசலில் தமிழ், சந்தையில் கன்னடம் பேசுகிறவர். ஸ்டிக்கரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கோலம் போடுறவ போட்டது இல்லப்பா. படம் வரையுறவன் போட்டது" என்றார். அதையே அபிடவிட்டாக எழுதிப் படித்துக்காட்டிக் கைநாட்டு வாங்கினேன். என் தொழிலில் நான் தாக்கல் செய்த நிபுணர் கருத்துகளில் கைநாட்டு வைத்தது அது ஒன்றுதான்.

வழக்கை எங்கே போடுவது? தயாரிப்பாளர் எல்லைக்கு அந்தப் பக்கம். பாக்கெட்டின் பின்னால் முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம் செப்டம்பர் 2018 எல்லாம் இருந்தன. சட்டமுறை எடையளவு விதிகள் 2011-இல் வந்ததன் புண்ணியம். பாக்கெட் பொருளில் இவற்றை அச்சிட்டே ஆக வேண்டும். சாதாரண வழக்காக இருந்தால் பிரதிவாதி இருக்கிற ஊருக்குப் போவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டினால் பாஷை வேறு, கோர்ட் வேறு, வக்கீல் ஃபீஸும் வேறு. ஏ ஷிஃப்ட் பார்க்கிற பெண்மணி வாய்தாவுக்கு வாய்தா பெங்களூரு போய்வர முடியுமா? பதிப்புரிமைச் சட்டம் 62-ஆம் பிரிவு இங்கே கை கொடுக்கிறது. வாதி குடியிருக்கிற ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். இந்தத் தொழிற்பேட்டை எல்லையில் வாழ்கிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய பிரிவு. கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தோம்.

இது வணிக வழக்கு ஆகிவிடுவதால் 2018 திருத்தத்தின்படி முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும், அவசர இடைக்காலப் பரிகாரம் கேட்டால் ஒழிய. அவசரம் இருந்தது. டிசம்பர் 16 மார்கழி ஒன்று. கோல ஸ்டிக்கர் விற்கிற காலமே மார்கழியும் பொங்கலும்தான். தை பிறந்தபின் தடையாணை வாங்கி என்ன பிரயோஜனம்?

பிராது தயாரிக்கும்போது ஒரு தகராறு. விகிதக் கணக்கு, ஒப்பீட்டு அட்டவணை, டிரான்ஸ்பரன்சி ஷீட் எல்லாம் அந்தப் பெண் செய்தவை. பரீட்சை நேரத்தில் அவளைச் சாட்சிக் கூண்டுப் பக்கம் இழுக்க வேண்டாம் என்று, எல்லாவற்றையும் பெரியம்மாவின் அபிடவிட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டேன். நகலைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: "நான் கண்டுபிடிச்சதையெல்லாம் பெரியம்மா கண்டுபிடிச்ச மாதிரி எழுதியிருக்கீங்க. இதுவும் திருட்டுதானே சார்?" என் ஜூனியர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். அட்டவணையின் அடியில் 'தயாரித்தவர்' என்று அவள் பெயரையும் வகுப்பையும் போட்ட பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிபதி முதலில் நான்கைந்து கேள்வி கேட்டார், எல்லாம் எதிர்பார்த்தவை. பிறகு டிரான்ஸ்பரன்சி ஷீட்டைக் கேட்டு வாங்கினார். டயஸ் மேலிருந்த விளக்கு போதவில்லை. ஷீட்டை ஸ்டிக்கர்மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, மேல் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டி, "இது நீளமா இருக்கே" என்றார். நோட்டின் பின்னைக் காட்டினேன். அதற்குமேல் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. ஐந்து டிசைன்களுக்கும் இடைக்காலத் தடை கிடைத்தது.

எதிர்த்தரப்பு ஆஜராகி வைத்த வாதங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். அந்த வக்கீல் கெட்டிக்காரர்.

ஒன்று, தெருவில் போட்ட கோலம் பொதுச் சொத்து, போகிற வருகிறவர்கள் படம் எடுக்கலாம் என்றார். 52-ஆம் பிரிவில் பொது இடத்திலுள்ள சிற்பம் போன்றவற்றை வரையவும் படமெடுக்கவும் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் சட்டம் நிரந்தரமாக அங்கே இருக்கிற படைப்பு என்கிறது. மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டு வாசலில் போட்ட கோலம் முதல் பால்காரர் சைக்கிளுக்கே பாதி போய்விடும். தவிர, இவர்கள் வாசலிலிருந்து எடுக்கவில்லை. வாசலில் துருப் புள்ளி கிடையாது. பெரியம்மா ஃபோனில் இருந்த வாசல் படங்களைச் சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழோடு போட்டிருந்தோம். எல்லாவற்றிலும் 127.

இரண்டாவது வாதம் உண்மையிலேயே ஆபத்தானது. 15-ஆம் பிரிவு. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைப் பொருள்களில் இட்டுத் தொழிற்சாலை முறையில் ஐம்பது தடவைக்குமேல் படி எடுத்துவிட்டால், பதிப்புரிமை போய்விடும். ஸ்டிக்கர் ஆயிரக்கணக்கில் அச்சாகிவிட்டதே, இனி என்ன உரிமை என்றார். கேட்கிறபோது வயிற்றைக் கலக்கும் வாதம். ஆனால் அதே வாக்கியம், உரிமையாளரோ அவருடைய அனுமதி பெற்றவரோ அப்படிப் படி எடுத்தால் என்கிறது. அனுமதியில்லாமல் எடுத்தவன் எத்தனை ஆயிரம் அடித்தாலும் அது அந்த ஐம்பதில் சேராது. நான் அந்த வரியை இரண்டு முறை வாசித்துவிட்டு உட்கார்ந்தேன்.

இதற்கிடையில் நம் துப்பறிவாளர் சும்மா இருக்கவில்லை. ஜெராக்ஸ் யார் மூலமாக எல்லை தாண்டியது என்று தேடிக்கொண்டிருந்தாள். போட்டிக்கு வந்தவர்கள் பட்டியல், யாருக்கு எந்தப் பக்கம், யார் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு தனி நோட்டு. கடைசியில் ஒரு பெயரில் வந்து நின்றாள். பெரியம்மாவோடு ஒரே பெஞ்சில் பேக்கிங் செய்த ஒரு பெண், அந்த வருஷம் கோடையில் காண்ட்ராக்ட் முடிந்து, அந்த ஸ்டிக்கர் யூனிட்டிலேயே பேக்கிங் வேலைக்குப் போயிருக்கிறார். அங்கே சூப்பர்வைசரிடம், எங்க அக்கா என்னமா கோலம் போடுவாங்க பாருங்க என்று பெருமையாகக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. காசு எதுவும் கைமாறவில்லை.

நாவலாக இருந்தால் இதுதான் கடைசி அத்தியாயம். எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து விரலை நீட்டுகிற இடம். எனக்கோ அந்தப் பெயரால் ஒரு உபயோகமும் இல்லை. பதிப்புரிமை மீறலில் படி எடுத்தார்கள் என்பதும், எடுக்க வழி இருந்தது என்பதும் நிரூபணமானால் போதும். யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்பது பிராதில் ஒரு பத்திகூடப் பெறாது. எதிராளி தனக்குத் தெரியாது, டிசைனரிடம் காசு கொடுத்து வாங்கினேன் என்று நிரூபித்தால் 55-ஆம் பிரிவின்படி நஷ்டஈடு கிடைக்காது. தடையாணையும் லாபக் கணக்கும் அப்போதும் நிற்கும். பெரியம்மாவோ பெயரைக் கேட்டதும், "அவளை இதுல இழுத்தீங்கன்னா நான் கேஸையே வாபஸ் வாங்கிடுவேன்" என்றார். வழக்கு முழுக்க அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். பெயர் எங்கேயும் ஏறவில்லை. பெண் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

எதிர்த்தரப்பு தன் நல்லெண்ணத்தைக் காட்ட, டிசைனர் கொடுத்த மூல வரைபடங்கள் என்று சிலவற்றைத் தாக்கல் செய்தது. ஒன்றில் அதே 129 புள்ளி. இன்னொன்றில் இடது ஓரத்தில் அறுந்த வளைவுகளைப் பென்சிலால் சேர்த்துப் பார்த்து அழித்த தடம்கூட இருந்தது. அதன் பிறகு அவர்கள் வக்கீலே சமரசம் பேசலாமா என்று கேட்டார்.

'எந்திரன்' வந்த 2010-லிருந்து ஆரூர் தமிழ்நாடன் தன் 'ஜூகிபா' கதைக்காக நடத்திக்கொண்டிருந்த வழக்கு அன்றைக்கு எட்டு வருஷத்தைத் தாண்டியிருந்தது. பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன். நமக்கு நல்ல வழக்கு, ஆனால் நீளும். அவர் கேட்டது, "பேர் போடுவாங்களா?" என்றுதான். 57-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. படைப்பை விற்றுவிட்டாலும், படைத்தவர் நான்தான் என்று சொல்லும் உரிமை படைத்தவரை விட்டுப் போகாது.

பொங்கல் கழிந்து சமரசம் ஆனது. கையிருப்பு ஸ்டிக்கர்களை அழிக்க வேண்டும், விற்றதற்கு ஒரு தொகை, இனி ஐந்து டிசைன்களையும் அச்சிட வேண்டுமானால் உரிமத் தொகை, பாக்கெட்டில் பெரியம்மாவின் பெயர் தமிழிலும் கன்னடத்திலும், ஒவ்வொரு புது அச்சுக்கும் ப்ரூஃப் அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். தொகையைச் சொல்லக்கூடாது என்று ஷரத்து. லைன் வீட்டுக் கூரை ஷீட்டை மாற்ற அது போதுமானதாக இருந்தது என்பது வரை சொல்லலாம். ப்ரூஃப் ஷரத்து என்னுடையதல்ல, பெண் கேட்டுச் சேர்த்தது. சமரசத் தீர்ப்பானதால் நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வந்தது. அது வந்து சேர்ந்த கதை தனி.

மார்ச்சில், அவளுக்குப் பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது, முதல் ப்ரூஃப் கூரியரில் என் அலுவலகத்துக்கு வந்தது. துருப் புள்ளிகளை எடுத்து, கோட்டைச் சுத்தமாகத் திருத்தி, கீழே பெயர் போட்டு அழகாகவே செய்திருந்தார்கள். பெரியம்மா பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டார். பெண் அவர் கையிலிருந்து தாளை வாங்கி, பென்சில் நுனியால் வரிசை வரிசையாகத் தொட்டு எண்ணினாள். இரண்டை எடுக்கச் சொன்னால் மூன்றை எடுத்திருந்தார்கள். 126. மேலிருந்து நான்காவது வரிசையில் கோடு ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

திருப்பி அனுப்பும் கடிதத்தை அவளே எழுதினாள். நான் என் லெட்டர்ஹெட்டைக் கொடுத்தேன்.